இருபத்திரண்டு குறுக்குச் சாலைகள்

எல்ம்ஃபோர்டுக்கும் கார்டிஸுக்கும் நடுவே இருந்த தூரம் வளர ஆரம்பித்தது மார்ச் மாதம் பனி உருகிய வாரத்தில், ஏகாம்பரத்தை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போன ஐந்தாம் நாள். அதுவரை அது இருபத்திரண்டு மைல். அமெரிக்காவின் நட்டநடுவில், சோளத்தைத் தவிர வேறெதுவும் ஆளுயரத்துக்கு மேல் வளராத அந்தச் சமவெளியில், நூல் பிடித்தாற்போல் ஒரு சாலையைப் போட்டு மைலுக்கு ஒரு குறுக்குச் சாலை வெட்டியிருந்தார்கள். அதனால் எவரும் எவரிடமும் தூரம் கேட்க வேண்டியிருக்கவில்லை, குறுக்குச் சாலைகளை எண்ணிக்கொண்டே போனால் இருபத்திரண்டாவதில் ஊர் வந்துவிடும். ஐந்தாம் நாள் வண்டிகளின் மீட்டரில் அது இருபத்தேழு என்று காட்டியது. குறுக்குச் சாலைகள் அதே இருபத்திரண்டுதான். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில்தான் பரோட்டா மாவை வீசி இழுத்தாற்போல் சாலை நீண்டிருந்தது.

ஊர் அதற்காகப் பதறவில்லை. பெட்ரோல் செலவாகிறதே என்று முணுமுணுத்துவிட்டுக் கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்பினார்கள். மே மாதம் அறுபது மைலானபோது அரைமணி நேரம், ஜூலையில் இருநூறானபோது விடியற்காலையில். வெள்ளிக்கிழமை கால்பந்தாட்டத்துக்குப் பையன்கள் வியாழக்கிழமையே கட்டுச்சோற்றோடு பஸ் ஏறினார்கள். இரண்டு ஊர் தேவாலயத்துக்கும் ஒரே பாதிரியார், ஆகவே ஒரு ஞாயிறு இங்கே ஆண்டவர் பேசினார், மறு ஞாயிறு அங்கே பேசினார், இடைப்பட்ட நாட்களில் பாதிரியார் பேசாமல் வண்டி ஓட்டினார். பதினோராவது குறுக்குச் சாலையில் வீட்டு வாசலில் மேசை போட்டு ஆப்பிள் பணியாரம் விற்றுக்கொண்டிருந்த ஹாஃப்மன் அம்மாள், வந்தவர்கள் அலுத்துச் சாய்ந்ததைப் பார்த்து முதலில் நாற்காலி போட்டாள், பிறகு கட்டில் போட்டாள், ஆகஸ்டில் பன்னிரண்டு அறை கட்டிவிட்டாள். சாலையோர விவசாயிகளின் நிலம் மட்டும் ஒரு அடிகூடக் கூடவில்லை. வரி போடும் அதிகாரி வந்து அளந்து பார்த்து ஏமாந்து போனார். வயலுக்குள் நின்றால் அதே நாற்பது ஏக்கர், சாலைக்கு வந்து வண்டியில் ஏறினால் பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிக்குப் போய்ச்சேர அரைமணி நேரம். அதனால் பக்கத்து வீடுகள் பேச்சுவார்த்தையை விட்டுவிட்டன, சண்டை எதுவும் இல்லாமலே.

சாலை மேற்பார்வையாளர் வேர்ன், முப்பது வருஷ சர்வீஸ்காரர், திங்கள்தோறும் தன் வண்டியில் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து ஊர் எல்லைப் பலகையில் எண்களை மாற்றி மாட்டினார். அதற்கென்று கொக்கி வைத்த தகர எண்கள் செய்யச் சொல்லி வாங்கி வண்டியின் பின்னால் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அக்டோபர் முதல் திங்களன்று பலகை 612 என்று காட்டியது. பள்ளிப் பிள்ளைகள் அடுத்த வாரம் எவ்வளவு என்று பந்தயம் கட்டினார்கள்.

பூங்காவனம் மட்டும்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

அவள் போளூர்க்காரி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஏகாம்பரத்தைக் கட்டிக்கொண்டு, அவன் சமையல் வேலைக்கு வந்த நாட்டுக்குப் பின்னாலேயே வந்து, எல்ம்ஃபோர்டின் லாரி நிறுத்தத்து உணவகத்தில் பன்னிரண்டு வருஷமாக அவனோடு நின்று ஆம்லெட்டும் பான்கேக்கும் போட்டவள், கேட்டவர்களுக்குச் சாம்பாரும் ஊற்றியவள். கவலைப்படுவது அவளுக்கு இன்னொரு வேலை மாதிரி. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பாள். வண்டியில் ஏறி ஊர் எல்லை தாண்டுவதற்குள் முகம் வெளுத்துவிடும்.

"இன்னா, அடுப்பா?" என்பான் ஏகாம்பரம்.

"அணைச்ச மாதிரிதான் இருக்குது."

"மாதிரியா? சர்தான், திருப்பறேன் வண்டிய." பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில்லை. ஒருமுறைகூட அவன் வண்டியைத் திருப்பாமல் இருந்ததுமில்லை.

அவனுக்கு மார்ச்சில் வலது பக்கம் விழுந்துபோனது. கார்டிஸில் இருந்த பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தான், ஆனால் அவனுடைய ஆங்கிலம் பிழைக்கவில்லை. முதலாளிகளோடு பேரம் பேசிய ஆங்கிலம், லாரிக்காரர்களைச் சிரிக்க வைத்த ஆங்கிலம், எல்லாம் ஒரே காலைப்பொழுதில் துடைத்துப் போட்டாற்போல் போய்விட்டது. தமிழ் மட்டும் மிச்சமிருந்தது, அதுவும் கொஞ்சம் குழறலாக. பூங்காவனம் அங்கிருந்த நர்சுகளுக்குத் தண்ணி, வலி, போதும், வேணாம் என்று நாலு வார்த்தை சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த நாலு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் ஆறு மாதம் ஓட்டினான். மீதி வார்த்தைகளையெல்லாம் அவள் வரும் நாளுக்காகச் சேர்த்து வைத்திருந்து ஒரேயடியாகக் கொட்டுவான்.

அவள் வரும் நாட்களோ குறைந்துகொண்டே போயின. அவளுக்கு வண்டி ஓட்ட வராது, மூன்று முறை பரீட்சைக்குப் போய் மூன்று முறையும் எல்லா முச்சந்தியிலும் ஐந்து நிமிஷம் நின்று தோற்றவள். பக்கத்து வீட்டு டார்லீன்தான் அழைத்துப் போவாள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், பெரிய உடம்பும் பெரிய சிரிப்பும். வாரம் ஒருமுறை என்பது சாலை நீள நீள இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை, அதுவும் ஹாஃப்மன் அம்மாள் வீட்டில் படுத்து எழுந்து.

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை டார்லீனின் கார் மூன்றாவது குறுக்குச் சாலையில் ஆவி கக்கி நின்றது. மீட்டரில் எண்பத்து மூன்று மைல். இழுவை வண்டிக்குப் போன் செய்துவிட்டு டார்லீன் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள். பூங்காவனத்துக்கு முகம் வெளுத்தது.

"டார்லீன், நான் அடுப்ப அணைக்கல."

"அணைச்சிருப்ப. எப்பவும் அணைச்சுதான் இருக்கும்."

"இல்ல, இன்னிக்கு நெசமாவே அணைக்கல. நான் போய்ப் பாத்துட்டு வரேன்."

"எண்பத்து மூணு மைல் நடக்கப் போறியா?" டார்லீன் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். "போறப்போ எனக்கும் ஒரு காப்பி வாங்கிட்டு வா."

பூங்காவனம் இறங்கி நடந்தாள். எங்கே போய்ச்சேருவோம் என்ற யோசனை அவளுக்கு இல்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த ஊரில் நடப்பது என்றால் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பது, நாய் இரண்டு தெருவுக்கு அப்பால் போகாது. கடைக்கு வண்டி, தேவாலயத்துக்கு வண்டி, வாசலில் இருக்கும் தபால் பெட்டிக்குக்கூட வண்டி. சாலை வளர ஆரம்பித்த ஏழு மாதத்தில் அதன்மேல் ஒருவர் காலும் பட்டிருக்கவில்லை. அவள் சோளத் தட்டைகளைப் பார்த்தபடி வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள், இரண்டாவது குறுக்குச் சாலை வந்தது, முதலாவது வந்தது, லாரி நிறுத்தத்தின் கம்பம் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் வீட்டு வாசலில் நின்றாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

ஒரு பிளாஸ்கில் காப்பி போட்டு எடுத்துக்கொண்டு திரும்பவும் நடந்து போய் டார்லீனின் கார்க் கதவைத் தட்டினாள். இழுவை வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. டார்லீன் காப்பியைக் குடித்தாள், சூடாகத்தான் இருந்தது. "யாரு வண்டியில ஏறிட்டு வந்த?" என்றாள். கடைசிவரை அதையேதான் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பராமரிப்பு இல்லத்தின் நிர்வாகி பிரென்டிஸ் அம்மாள் மிக மரியாதையாக எழுதியிருந்தாள். நோயாளியின் வீடு மருத்துவரிடமிருந்து ஐம்பது மைலுக்கு மேல் இருந்தால் வீட்டுக்கு அனுப்ப விதியில்லை, இல்லத்திலும் இனி இடமில்லை, ஆகவே வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏகாம்பரத்தைப் பெருநகரத்து இல்லத்துக்கு மாற்றுகிறோம். அந்த நகரம் கார்டிஸுக்கு அந்தப் பக்கம், போக அரை நாள். பூங்காவனம் கடிதத்தை டார்லீனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, இரண்டாம் முறையும் படிக்கச் சொன்னாள். நானூறு கட்டில் உள்ள இடம் என்று டார்லீன் விசாரித்துச் சொன்னாள். நானூறு கட்டிலில் தண்ணி என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? வலி என்றால்? அவன் வாயை மூடிக்கொள்வான். மூடிய வாய் மூடியபடியே போய்ச்சேருவான்.

அவள் நேரே வேர்னின் கொட்டகைக்குப் போனாள். அவளுடைய ஆங்கிலம் சமையல்கட்டு ஆங்கிலம்தான், ஆனாலும் சண்டைக்கு அது போதுமானதாக இருந்தது.

"பலகையில இருக்கிறது பொய்" என்றாள்.

வேர்ன் தொப்பியைக் கழற்றி மாட்டினார். "அம்மா, நான் வாராவாரம் அளக்கிறேன்."

"எப்படி அளக்கிறீங்க?"

"வண்டியில."

"இறங்கி அளந்தீங்களா?"

"எதுக்கு இறங்கணும்?"

மூலையில் ஒரு கைச்சக்கரம் சாத்தியிருந்தது. நீளமான பிடி, கீழே ஒற்றைச் சக்கரம், தள்ளிக்கொண்டு போனால் அடிக்கு ஒரு சொடுக்கு, எத்தனை அடி என்று சின்னப் பெட்டியில் எண் ஓடும். நடைபாதை போடும்போது அளப்பதற்கு வாங்கியது, நடைபாதையை ஊர் மன்றம் வேண்டாமென்று சொல்லிவிட்டது. "இதக் குடுங்க, நாளைக்கு அளந்து காட்டறேன்" என்றாள்.

"அறுநூத்துப் பன்னெண்டு மைலையா?"

"இருபத்திரண்ட. எங்க ஊர்ப் பக்கம் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையச் சுத்துவேன். இது ரெண்டரை சுத்து. அவ்ளோதான்."

வேர்னுக்கு மலை எதுவென்று புரியவில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் அவர் அளந்ததைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை, அது அவரை உறுத்தியது. சக்கரத்தைக் கொடுத்தார்.

புதன்கிழமை விடியும் நேரத்தில் அவள் புளிச்சோறும் தண்ணீரும் முதுகில் கட்டிக்கொண்டு, அடுப்பை மூன்று தரம் பார்த்து, பூட்டை மூன்று தரம் இழுத்து, டார்லீனையும் ஒருமுறை இழுக்கச் சொல்லிவிட்டு, ஊர் எல்லைப் பலகையடியில் சக்கரத்தைச் சைபரில் வைத்துத் தள்ள ஆரம்பித்தாள். வேர்ன் தன் வண்டியில் பக்கத்திலேயே ஊர்ந்து வந்தார், வழியில் விழுந்தால் தூக்கிப் போட ஆள் வேண்டுமே என்று. வானொலியைத் திருப்ப ஒருகணம் குனிந்தார். நிமிர்ந்தபோது அவள் முன்னால் ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தாள். அவர் வேகத்தைக் கூட்டினார். புள்ளி முதல் குறுக்குச் சாலையைத் தாண்டிவிட்டது, அவருக்கு அது இன்னும் இருபத்தைந்து மைல் இருந்தது.

சக்கரம் சொடுக்கிக்கொண்டே போனது. அவள் கவலைப்பட்டுக்கொண்டே போனாள். செருப்பு அறுந்துவிடுமோ என்று, சக்கரம் நடுவில் நின்றுவிடுமோ என்று, சனிக்கிழமை நடந்தது ஏதோ சனிக்கிழமைக்கு மட்டும் வாய்த்ததோ என்று. ஆனால் கால்கள் அவள் கவலையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஒன்று இரண்டு என்று குறுக்குச் சாலைகளை விழுங்கிக்கொண்டே போயின. பதினொன்றில் ஹாஃப்மன் அம்மாள் பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "எப்ப கிளம்பின, முந்தாநாளா?" என்றாள். இருபத்திரண்டாவதில் கார்டிஸின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தபோது மணி ஒன்று.

பிரென்டிஸ் அம்மாளின் மேசைமேல், மண்ணும் சோளச் சருகுமாக, சக்கரத்தைத் தூக்கி வைத்தாள். பெட்டியில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்துச் சொச்சம் அடி.

பிரென்டிஸ் அம்மாள் கணக்குப் போட்டுப் பார்த்தாள், மறுக்கவில்லை, நல்ல பெண்மணிதான். "இருபத்திரண்டுதான் வருது" என்றாள் மெதுவாக. "ஆனா படிவத்துல வண்டியில போற தூரம்னு இருக்கு. நடக்கிற தூரத்துக்குக் கட்டம் இல்லை."

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

"அதுக்கும் கட்டம் இல்லை."

"கட்டமில்லாத தாள் ஒண்ணும் இங்க இல்லையா?"

இருந்தது. மருத்துவர் சொல்லை மீறி நானே போகிறேன் என்று நோயாளி கையெழுத்துப் போடும் தாள். பிரென்டிஸ் அம்மாள் அதை எடுத்துக் கொடுக்காமல், மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பூங்காவனம் அதை எடுத்துக்கொண்டு ஏகாம்பரத்தின் அறைக்குப் போனாள்.

அவன் அவளைப் பார்த்ததும் அவள் கால்களைப் பார்த்தான். புழுதி முழங்கால் வரை ஏறியிருந்தது.

"நடந்தா வந்த?"

"ஆமாங்க. நாளைக்கு நீங்களும் அப்படித்தான். தள்ளிட்டுப் போறேன்."

"அறுநூறு மைலுன்னு ஏதோ சொல்லிக்கிறாங்களே."

"அது வண்டிக்கு. நமக்கு ரெண்டரை சுத்து."

அவள் தாளையும் பேனாவையும் அவன் கட்டில் மேசைமேல் வைத்தாள். அவன் இடது கையை நீட்டினான். அந்தக் கையால் அவன் வாழ்நாளில் எழுதியதில்லை. ஏகாம்பரம் என்ற பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் போட்டான், மீதி எழுத்துகள் தாளை விட்டு மேசைக்குப் போய்விட்டன. "போதும்" என்றான் பக்கத்திலிருந்த நர்சிடம். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும்.

சாயங்காலம் நாலரை மணிக்கு வேர்னின் வண்டி வந்து சேர்ந்தது. வழியில் இரண்டு முறை பெட்ரோல் போட்டிருந்தார். சக்கரத்துப் பெட்டியின் எண்ணைப் படித்தார், உள்ளங்கையில் பேனாவால் வகுத்தார், இன்னொரு முறை வகுத்தார். மறுநாள் விடிந்ததும் பூங்காவனம் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார், வண்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மூடிக்கொண்டு, தகர எண்கள் இருந்த பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு.

"உங்க வண்டி?" என்றாள்.

"கிடக்கட்டும். அது ஏழு மாசமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்கு."

முதல் மைலில்தான் அவளுக்கு உயிர் போய் வந்தது. நாற்காலிக்கும் சக்கரம் உண்டு, ஒன்றல்ல, நாலு. சக்கரம் வைத்ததெல்லாம் வண்டி என்று சாலை நினைத்துவிட்டால்? இவனை உட்கார வைத்த பாவத்துக்கு இருபத்தேழு மைலாக நீண்டுவிட்டால்? அவள் குறுக்குச் சாலை வருகிறதா என்று பார்க்கப் பயந்து அவன் உச்சந்தலையையே பார்த்துத் தள்ளினாள். "கைச்சக்கரமும் சக்கரம்தான்மே, அது வரலியா" என்றான் அவன், அவள் எதுவும் சொல்லாமலே. "கையால தள்றதும் நடக்கறதுதான்." அரைமணியில் குறுக்குச் சாலை வந்தது. அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

கார்டிஸிலிருந்து ஐந்தாவதில் அறுவடை இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதை நிறுத்திவிட்டுச் சாலையோரம் வந்தார். "எங்க போறீங்க?"

"வீட்டுக்கு" என்றாள்.

"எல்ம்ஃபோர்டா? நடந்தா?" அவர் சாலையைப் பார்த்தார், அடுத்த குறுக்குச் சாலையில் இருந்த வீட்டைப் பார்த்தார். அங்கே அவருடைய தங்கை இருந்தாள். ஜூன் மாதத்திலிருந்து போகவில்லை. இறங்கி ஒரு காலை வைத்துப் பார்த்தார், நீரின் ஆழம் பார்ப்பதுபோல. பிறகு மறு காலையும் வைத்தார்.

அப்படித்தான் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள், அடுத்த வீடு வரைக்கும் வருகிறேன் என்று வந்தவர்கள் அதற்கடுத்த வீட்டிலும் நிற்காமல். ஹாஃப்மன் அம்மாள் அன்றிரவு பன்னிரண்டு அறையையும் இலவசமாகத் திறந்துவிட்டாள், என் பிழைப்பில் மண்ணைப் போட்டீர்களே என்று திட்டிக்கொண்டே பணியாரம் பரிமாறினாள், காலையில் கூடவே கிளம்பினாள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பெருநகரத்து வேன் கார்டிஸில் ஒரு காலிக் கட்டிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, ஏகாம்பரம் பதினான்காவது குறுக்குச் சாலையில், சோளக்காரர்களும் அவர்கள் பெண்டாட்டிகளும் ஒரு கன்றுக்குட்டியும் பின்தொடர, தமிழில் எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டு போனான். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லாரும் சிரித்தார்கள்.

ஊர் எல்லைப் பலகைக்கு வந்தபோது டார்லீன் பள்ளிக்கூட பஸ்ஸைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு நின்றிருந்தாள். "யாரு வண்டியில வந்த?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வேர்ன் பெட்டியைத் திறந்து, பலகையிலிருந்து ஆறையும் ஒன்றையும் கழற்றினார். இரண்டை விட்டுவைத்தார். இன்னொரு இரண்டைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் மாட்டினார்.

ஞாயிறன்று கார்டிஸுக்கு நடந்து போய் வண்டியை எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை அவர் வழக்கப்படி அதில் வந்து பார்த்தார். மீட்டர் 640 காட்டியது. அடுத்த திங்கள் 671. சாலை தன் பிடிவாதத்தை விடவில்லை, வேர்னும் விடவில்லை. பலகை இருபத்திரண்டிலேயே நின்றது. தப்பான எண் மாட்டியிருக்கிறீர்கள் என்று புகார் சொன்ன வண்டிக்காரர்களிடம், "இறங்கிப் பாருங்க" என்றார். ஊர் மன்றம் அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. அவர் அதை மன்றத்துக்கே நடந்து போய்த் திருப்பிக் கொடுத்தார்.

ஐம்பது மைல் விதியைப் பிரென்டிஸ் அம்மாளால் மாற்ற முடியவில்லை. ஆனால் கார்டிஸில் இருந்த உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் மாதம் இரண்டு சனிக்கிழமை பதினோரு மைல் நடந்து ஹாஃப்மன் அம்மாள் வீட்டுக்கு வந்தாள், இந்தப் பக்கமிருந்து பூங்காவனம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பதினோரு மைல் போனாள். அங்கே வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் முதலில் நின்றான், நவம்பரில் நாலு அடி வைத்தான். நாலு அடி என்று வேர்ன் கைச்சக்கரத்தால் அளந்து சொன்னார்.

முதல் பனி விழுவதற்கு முந்தைய சனிக்கிழமை, மூன்றாவது குறுக்குச் சாலையில், பூங்காவனம் சட்டென்று நின்றாள். பின்னால் வந்த டார்லீன் அவள்மேல் முட்டிக்கொண்டாள். ஏகாம்பரம் திரும்பிப் பார்க்கவில்லை, நாற்காலி நின்ற விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா, அடுப்பா?"

"அணைச்ச மாதிரிதான் இருக்குது."

டார்லீன் புரியாத மொழியிலும் புரிந்துகொண்டு தலையில் கைவைத்தாள். வடக்கே ஒரு லாரி, எழுநூற்றுச் சொச்சம் மைல் சாலையின் ஏதோ ஓரிடத்தில், வெகுநேரமாக வந்துகொண்டே இருந்தது. பூங்காவனம் நாற்காலியைச் சுற்றி ஊர்ப் பக்கம் திருப்பினாள், கால் வைக்கும் பலகையில் அவன் பாதத்தைச் சரியாக எடுத்து வைத்தாள்.

"ஒரு தாட்டி பாத்துட்டு வந்துடலாம்" என்றாள். "எவ்ளோ தூரம் இருக்கப்போவுது."